ரூர் ஆற்றில் அகப்பட்ட முருகன்

மார்ச் 14, சனி

4 பாகை. தூறல். நித்திரை: கட்டிலில் 2½ மணி, பஸ்ஸில் 35 நிமிடம்.

பஸ் நித்திரையைச் சேர்ப்பதா தெரியவில்லை. "மூன்று கிழமைக்கு ஒவ்வொரு நாளும் எவ்வளவு தூங்கினாய் என்று எழுதிக்கொண்டு வா" என்றுதான் டாக்டர் சொன்னார். எங்கே தூங்கினாய் என்று கேட்கவில்லை.

பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, வீட்டில் கொஞ்சம் சரிந்து, எழும்பி ஆற்றுக்கு பஸ். தொடைவரை வரும் ரப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, குப்பை பொறுக்கும் நீட்டு இடுக்கியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தது ஞாபகம். பிறகு சாரதி தோளில் தட்டினார். கடைசித் தரிப்பிடம். பஸ்ஸில் வேறு ஒருவரும் இல்லை. இடுக்கியின் வாயில் ஒரு பெண்பிள்ளைக் கம்பளித் தொப்பி. முன் இருக்கையில் இருந்தவளுடையது. தூக்கத்தில் கை இறுகியிருக்க வேண்டும். அவள் என்னை எழுப்பப் பயந்து தொப்பியை விட்டுவிட்டு இறங்கியிருக்கிறாள். சாரதியிடம் கொடுத்தேன். அவர் பார்த்த பார்வையை எழுதமாட்டேன்.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. கடைசியில் மணித்தியாலங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போச்சு. மற்றது என்பாடு. கொப்பி தூண்டில் பெட்டிக்குள், புழு டப்பாவுக்குக் கீழே. வசந்தி அந்தப் பக்கமே வரமாட்டாள்.

நாற்பது நிமிடம் பிந்திப் போய்ச் சேர்ந்தேன். மீன்பிடிச் சங்கத்தின் ஆற்றுத் துப்புரவு நாள். இந்த வருடம் எனக்குச் சோதனை வருடம். பத்து மணித்தியாலம் சங்க வேலை செய்தால்தான் ஏப்ரலில் என்னை நிரந்தரமாகச் சேர்க்கக் கை தூக்குவார்கள். தலைவர் டீற்றர் கையிலே கட்டின மணிக்கூட்டைப் பார்த்தார். டீற்றர் மணிக்கூட்டைப் பார்த்தால் அது திட்டினதுதான்.

என்னைச் சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தது யோகன் அண்ணை. மன்னார்க்காரர், கத்தோலிக்கர், பதினெட்டு வருடமாக உறுப்பினர். சங்கத்தில் தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான்.

"வாரும் தம்பி. ஆறு கடலிலை போய்ச் சேர முந்தி வந்திட்டீர்."

என் பங்குக்குக் கரையில் நானூறு மீற்றர். எடுத்தது:
போத்தல், எண்ணவில்லை.
தகரத்தட்டு அடுப்பு 6. (ஒருமுறை இறைச்சி வாட்டிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போவது.)
பிள்ளைக் கழிவுத்துணி. இதைப் பற்றி எழுத வேண்டாம்.
இடது காற் சப்பாத்து 3. வலது இல்லை. ஏன்?
சைக்கிள் சில்லு.
தூண்டில் தங்கூசி நூல், முடிச்சு முடிச்சாக. ஒன்றில் வாத்தின் கால் எலும்பு.
புழு டப்பா 11.

கடைசி இரண்டும் எங்கள் வேலை. தூண்டில்காரர் தவிர வேறு யார் புழு டப்பா கொண்டு ஆற்றுக்கு வருகிறார்கள்? ஒருவரும் அதைப் பேசவில்லை. எல்லாரும் தகரத்தட்டு அடுப்புக்காரரைத் திட்டினோம். ஒரு டப்பாவில் நான் வாங்கும் கடையின் ஸ்ரிக்கர். கிழித்துப் பொக்கற்றில் வைத்தேன்.

பதினொரு மணி போல நடைபாலத்துக்குக் கீழே டீற்றர் கயிற்றில் கட்டிய இரும்புக் கொளுக்கியை எறிந்து இழுத்தார். முதல் வந்தது டயர். இரண்டாவது வந்தது ஒரு படம். சட்டம் பாதி. கண்ணாடி இல்லை. முருகனின் முகம் வெளுத்துப் போய்விட்டது, மயில் மட்டும் நல்ல நீலம்.

எனக்குக் காலுக்குள் தண்ணீர் வந்தது போல இருந்தது. சப்பாத்து ஒழுகவில்லை.

டீற்றர் படத்தைத் திருப்பினார். பின்பக்கம் மண்ணிற அட்டை, அதன்மேல் அகலப் பிளாஸ்ரிக் நாடா ஒட்டியிருந்தது. நாடாவுக்குக் கீழே கறுத்த மார்க்கர் பேனையால் தமிழ். தண்ணீர் உள்ளே போகவில்லை.

"குகா, இது உங்கள் கடவுள்தானே? என்ன எழுதியிருக்கு?"

(டீற்றர் பேசுவது டொச், ஜெர்மன் மொழி. நான் தமிழில் எழுதுகிறேன்.)

"கடைப் பெயர்" என்றேன்.

யோகன் அண்ணை படத்தை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து வாசிக்கும் கண்ணாடியை எடுத்துப் போட்டார். வாசித்தார். என்னைப் பார்த்தார். இன்னொருமுறை வாசித்தார்.

"ஓம் டீற்றர். கடைப் பெயர்தான்" என்று டொச்சில் சொல்லிவிட்டு, என் பக்கம் குனிந்து மெல்லமாக: "கடைக்கு நல்ல வடிவான பேர். அபிரா ஸ்ரோர்ஸ்."

அபிரா என் மகள். எழுத்து என் எழுத்து. 'அபிரா. பூரட்டாதி. பி.ப. 2.47.' பிறந்த அன்று நான் எழுதி ஒட்டினது. இருபத்தாறு வருடம் சுவரில் தொங்கின படம்.

"யார் போட்டிருப்பார்கள்?" என்று டீற்றர் கேட்டார். ஒருவர் "கோயில் ஆட்கள்" என்றார். இன்னொருவர் தோளைத் தூக்கினார். டீற்றர் என்னிடம்: "குகா, நீ உன் மொழியில் ஓர் அறிவித்தல் எழுது. பாலத்தடியில் கட்டுவோம். ஒரு மணித்தியாலம் வேலையில் சேர்க்கிறேன்."

ஓம் என்றேன். படத்தைக் கொண்டுபோய்ச் சங்கக் கொட்டிலுக்குப் பின்னால் நிற்கும் குப்பைக் கொன்ரெய்னருக்குள் எறிந்தார்கள். டயருக்கும் உடைந்த பிள்ளை வண்டிக்கும் நடுவில் முருகன்.

உள்ளபடி எழுதிவைக்கிறேன், ஒரு இடத்திலாவது. போன ஒக்ரோபரில் வீடு மாறியபோது கண்ணாடி உடைந்தது. உடைந்த படம் வீட்டில் இருக்கக்கூடாது, குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது, கோயிலில் கொண்டுபோய்க் கொடுங்கோ என்று வசந்தி பையில் வைத்துத் தந்தாள். கோயிலுக்கு இரண்டு ரயில் மாறவேண்டும். நான் இரவு வேலை முடித்து வந்தவன். நடைபாலம் வழியில் இருந்தது. ஓடுகிற தண்ணீர்தானே, அதில் விடுவதும் ஒரு வழக்கம்தானே என்று நினைத்தேன். கும்பிட்டுவிட்டுத்தான் விட்டேன்.

வீட்டில் "ஐயரிட்டைக் குடுத்தனான்" என்றேன். அதோடு நிற்கவில்லை. "விபூதியும் தந்தவர்" என்று எங்கள் வீட்டுச் சம்புடத்து விபூதியையே கடதாசியில் மடித்துக் கொடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு பூசினாள்.

மார்ச் 15, ஞாயிறு

மேகம். நித்திரை: 5. (இடையில் 3 தரம் எழும்பினது.) இடுப்பு பிடித்துக்கொண்டது.

காலை புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். நல்லாகத்தான் தொடங்கியது.

லைப்சிக்கிலிருந்து அபிரா ஃபோன் எடுத்தாள். பான் நகரத்தில் இருக்கும் பொடியனைப் பற்றி. கெட்டிக்காரப் பொடியன், எங்களுக்கும் பிடிக்கும். இரண்டு பேரும் தாங்களாகவே பேசி முடித்துவிட்டார்கள். ஆனால் பொடியனின் தாய்க்குச் சாதகம் பொருந்த வேண்டுமாம். பொருந்தாவிட்டால் மண்டபத்துக்கு வரமாட்டாவாம்.

"அப்பா, எனக்கு இதிலை நம்பிக்கை இல்லை. ஆனா அவர் தாயை விட்டிட்டுக் கலியாணம் செய்யமாட்டன் எண்டுறார். குடுத்து முடியுங்கோ. பிளீஸ்."

குரல் ஒரு மாதிரி இருந்தது. அழுதிருக்கிறாள்.

சாதகக் கொப்பி இல்லை. நிலவறைக்குள் வெள்ளம் வந்த வருடம் அதுவும் போய்விட்டது. பிறந்த நேரம் தெரிந்தால் புதிதாகக் கணித்துத் தருவேன், வாற ஞாயிறு சொல்லுவேன் என்கிறார் சாத்திரியார். பிறப்புப் பத்திரத்தில் நாள் மட்டும்தான். நேரம் வேண்டுமென்றால் நகரசபைப் பதிவில் எடுக்கலாம். வசந்தி உடனே இணையத்தில் நாள் குறித்து ரேர்மின் எடுத்துவிட்டாள். மே மாதம் ஆறாம் திகதி.

"மே மட்டும் பிள்ளை தாங்குமோ? உங்களுக்கு ஞாபகமில்லையோ?"

"ரண்டரை மூண்டு மணி மாதிரி."

"மாதிரி எண்டு சாதகம் எழுத ஏலுமோ? எனக்கு மயக்க ஊசி போட்டு வெட்டி எடுத்தவை, எனக்குத் தெரியாது. நீங்கள் தானே கதவடியிலை நிண்டு, பிள்ளை அழுத சத்தம் கேக்க மணிக்கூட்டைப் பாத்தனீங்கள்."

இந்தக் கதையை வசந்தி இருபத்தாறு வருடமாகச் சொல்கிறாள். கல்யாண வீட்டில், சாமத்திய வீட்டில், ரயிலில் புதிதாகச் சந்தித்தவர்களிடம்.

பிறகு கையைத் தட்டினாள். "முருகன் படம்! பின்னாலை எழுதி ஒட்டினனீங்கள் எல்லோ! ஐயருக்கு ஃபோன் எடுத்துக் கேளுங்கோ, படம் கிடக்கோ எண்டு."

நான் புட்டை விழுங்கினேன். காய்ந்த புட்டு.

'2.47' என்று நேற்றே பார்த்துவிட்டேனே, சொல்லிவிட்டால் போச்சு. சொன்னால் எங்கே பார்த்தனீங்கள் என்பாள். இப்போதுதான் ஞாபகம் வந்தது என்றால் நம்பமாட்டாள். போன கிழமை அவளுடைய பிறந்தநாளையே மறந்தவன் நான் என்று அவளுக்குத் தெரியும்.

மார்ச் 16, திங்கள்

மழை. நித்திரை: 3½.

வசந்தி: "ஐயர் என்ன சொன்னவர்?"
நான்: "ஃபோன் எடுக்கேல்லை. பூசை போலை."

இரண்டு மணி: "இப்ப?"
நான்: "இப்பவும் பூசை."

"நாள் முழுக்க என்ன பூசை?"

யோகன் அண்ணைக்கு ஃபோன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். மறுபக்கம் தூரத்தில் சிரிக்கிற சத்தம். ஃபோனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்.

"தம்பி, எங்கடை ஆக்கள் அந்தோனியாரை ஆத்திலை விடமாட்டம். அவர் காணாமல் போன சாமானைத் தேடித் தாறவர். அவரையே துலைச்சா ஆரிட்டைக் கேக்கிறது?"

"அண்ணை, பகிடி விடாதேங்கோ."

"கொன்ரெய்னரைப் புதன் பத்து மணிக்கு வந்து ஏத்துவாங்கள். அதுக்கு முந்திப் போய் எடும்." பிறகு: "நான் உமக்காகப் பொய் சொன்னனான். டீற்றர் என்ரை பழைய சிநேகிதன். அது எனக்குக் கொஞ்சம் கரைச்சலாக் கிடக்கு."

அந்தக் கடைசி வசனம் முழு நாளும் காதுக்குள் நின்றது. பாண் தட்டுகளை அடுக்கும்போதும்.

மார்ச் 17, செவ்வாய்

காற்று. நித்திரை: 4. வேலை இடைவேளையில் கதிரையில் 10 நிமிடம். (மேற்பார்வையாளர் பார்க்கவில்லை.)

அறிவித்தல் எழுதினேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கட்டுரைக்கு எப்போதும் முப்பதுக்கு மேலே வாங்கியதில்லை.

முதலாவது: 'ஆற்றில் குப்பை போடாதீர்!' சிறைச்சாலை வாசல் மாதிரி.

இரண்டாவது: 'சாமிப் படங்களை ஆற்றில் எறிபவர்கள் வெட்கப்பட வேண்டும்.' இதை எழுதிவிட்டு வெட்கப்பட்டேன். கிழித்தேன்.

மூன்றாவது: 'அன்பான தமிழ் உறவுகளே, சாமிப் படங்கள், தேங்காய், பூமாலை எதையும் தயவுசெய்து ஆற்றில் விடாதீர்கள். தண்ணீர் அவற்றைக் கொண்டுபோவதில்லை. பாலத்துக்குக் கீழேயே கிடக்கின்றன. கோயில் தூரம்தான். என்றாலும் கொண்டுபோய்க் கொடுங்கள்.'

இதுவே இருக்கட்டும். 'தூரம்தான்' என்ற சொல்லை எடுக்க மனம் வரவில்லை.

வசந்தி எட்டிப் பார்த்து வாசித்தாள். "நல்லா எழுதியிருக்கிறீங்கள். எந்த விசரனப்பா சாமிப் படத்தை ஆத்திலை போட்டவன்?"

"தெரியேல்லை."

அபிராவிடமிருந்து வசந்தியின் ஃபோனுக்குத் தகவல்: 'அம்மா, நேரம் கிடைச்சிட்டா?' பக்கத்தில் கும்பிடுகிற கை ஆறு.

மார்ச் 18, புதன்

2 பாகை, வெயில். நித்திரை: 0. பிறகு பகலில் 6! இந்த மாதத்தில் கூடியது.

வேலை முடிந்து நேரே ஆறு. ஏழரை மணி. பஸ்ஸில் இருக்கவில்லை, நின்றுகொண்டே போனேன், தூங்காமல் இருக்க.

கொன்ரெய்னர் என் நெஞ்சளவு உயரம். விளிம்பில் ஏறி, உள்ளே கிடந்த பிள்ளை வண்டியில் காலை வைத்தேன். பிள்ளை வண்டி ஓடியது. சில்லு இன்னும் நல்ல சில்லு. நான் தலைகீழாக உள்ளே. ஈரக் கம்பளம், தகரத்தட்டுகள், பழைய பியர் மணம். இடுப்பு 'டக்' என்றது. அப்படியே கிடந்து தேடினேன். கிடப்பதற்கு ஒரு மாதிரி நன்றாகத்தான் இருந்தது. அந்தளவுக்குக் களைப்பு.

"யார் உள்ளே?"

டீற்றர். விளிம்புக்கு மேலே தொப்பி, மீசை.

"நான்தான். குகன்."

"என்ன தேடுகிறாய்?"

கடைப் பெயர் என்று இன்னொருமுறை சொல்ல வாய் வரவில்லை. யோகன் அண்ணையின் கடைசி வசனமும் கூடவே வந்திருந்தது. குப்பைக்குள் முழங்காலில் நின்றபடி என் டொச்சில் சொன்னேன். படம் என்னுடையது. நான்தான் போட்டேன். பின்னால் இருப்பது கடைப் பெயர் இல்லை, என் மகளின் பெயர், பிறந்த நேரம். கல்யாணத்துக்கு அது வேண்டும். யோகன் எனக்காகத்தான் பொய் சொன்னார், அவர்மேல் பிழை இல்லை.

எனக்குத் தெரிந்த வினைச்சொல் எல்லாம் தீர்ந்துவிட்டது.

டீற்றர் தொப்பியைப் பின்னால் தள்ளினார். "கல்யாணத்துக்கு நிமிடம்கூட வேண்டுமா?"

"ஓம்."

"என் மனைவி நான் பிறந்த வருடத்தையே பிழையாகச் சொல்கிறவள்." கையிலிருந்த தூண்டில் தடியை ஒருபக்கம் சாத்திவைத்துவிட்டு ஏறி வந்தார். எழுபத்திரண்டு வயது. ஏணி வைத்து ஏறினார். ஏணி கொட்டிலுக்குள் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

இரண்டு பேருமாகக் கிளறினோம். ஒரு தங்கூசிப் பந்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நாற்பது வருடத்தில் நான் இந்த ஆற்றுக்குள் எவ்வளவு ஈயம் விட்டிருக்கிறேன் தெரியுமா? தூண்டில் அறுந்து, அறுந்து. அதையும் யாரும் எடுக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் தகரத்தட்டு அடுப்புக்காரரைத்தான் திட்டுகிறேன்."

அவர்தான் கண்டுபிடித்தார். ஈரக் கம்பளத்துக்குள் சுருண்டிருந்தது. சட்டம் முழுக்கப் போய்விட்டது. நாடா அப்படியே. 2.47.

"இன்றைக்கு இரண்டு மணித்தியாலம்" என்றார் டீற்றர். "குப்பை கிளறியது. சேர்த்துக்கொள்கிறேன். யோகனிடம் நானே பேசுகிறேன். அறிவித்தலை எழுதிவிட்டாயா?"

நடைபாலத்துக் கம்பியில் இரண்டு பேருமாகக் கட்டினோம். டீற்றருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. தூர நின்று பார்த்து "வடிவான எழுத்து" என்றார்.

வீடு. படத்தை வசந்தியின் முன்னால் வைத்தேன். வழியில் நான்கு பொய் யோசித்து வந்தேன். அதில் ஒன்றையும் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"ஆத்திலையோ?"

"ஓம்."

"அப்ப அந்த விபூதி?"

"எங்கடை சம்புடத்து விபூதிதான்."

படத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "அந்த விபூதியைப் பூசினாப் பிறகுதான் எனக்கு அண்டைக்குத் தலையிடி நிண்டது." பிறகு: "நீங்கள் ஒரு மனுசனோ?" பிறகு படத்தைத் திருப்பினாள். நாடாவைத் துணியால் துடைத்தாள். நேரத்தைப் பார்த்தாள். அழுதாள். திட்டிக்கொண்டே தேத்தண்ணி போட்டுத் தந்தாள். சீனி இரண்டு கரண்டி கூட.

ஆறு மணித்தியாலம் நித்திரை கொண்டேன். கனவில்லை.

மார்ச் 19, வியாழன்

வெயில். நித்திரை: 5.

வசந்தி நேரத்தைச் சாத்திரியாருக்கு அனுப்பிவிட்டாள். படத்தைத் தானே கோயிலுக்குக் கொண்டுபோகப் போகிறாளாம். "உங்களிட்டைத் தரமாட்டன்."

நகரசபை ரேர்மினையும் நிற்பாட்டிவிட்டாள். "இனி என்னத்துக்கு? நேரம் கிடைச்சிட்டுது தானே."

நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். ஓம் என்றேன். நாடியில் சவரக்கத்தி வெட்டிவிட்டது.

மார்ச் 22, ஞாயிறு

11 பாகை. பூத்திருக்கிறது. நித்திரை: 4.

சாத்திரியார் பன்னிரண்டு மணிக்கு எடுத்தார். வசந்தி சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள். பக்கத்தில் மற்ற ஃபோனில் அபிரா, படத்தோடு.

"எழுவத்தஞ்சு வீதம் பொருத்தம். தாராளமாச் செய்யலாம்" என்றார். "நூலிலை தப்பின சாதகம், தங்கச்சி. ஒரு அரை மணித்தியாலம் முந்தியெண்டால் லக்கினம் மாறியிருக்கும். செவ்வாய் ஏழிலை வந்து நிக்கும். அப்ப பொருந்தாது. நல்லகாலம், பிள்ளையின்ரை தேப்பன் நேரத்தைச் சரியாப் பாத்து எழுதி வைச்சிருக்கிறார்."

"இவர் கதவடியிலையே நிண்டவர் சாத்திரியார்" என்றாள் வசந்தி. "அழுத சத்தத்தோடை மணிக்கூட்டைப் பாத்தவர்."

அபிரா சிரிக்கிறாள், அழுகிறாள், மூக்கைத் துடைக்கிறாள். "தாங்க்ஸ் அப்பா. குப்பைக்குள்ளை எல்லாம் இறங்கினீங்களாம். அம்மா சொன்னவ."

"அது ஒண்டுமில்லை பிள்ளை. பழகின வேலை."

வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"நித்திரை வருது" என்றேன்.

சொல்லாதது:

அன்றைக்கு நான் கதவடியில் நிற்கவில்லை. இரவு முழுக்க உணவகத்தில் சட்டி கழுவிவிட்டு, காலையிலிருந்து ஆஸ்பத்திரி நடைபாதையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன். எப்போது கண் மூடினேன் தெரியாது. தாதி தோளில் தட்டினாள். எவ்வளவு நேரமாக உங்களைத் தேடுகிறோம் என்றாள். அவள் கையில் அபிரா. குளிப்பாட்டித் துடைத்து, கம்பளித் தொப்பியும் போட்டாகிவிட்டது, அழுகைகூட ஓய்ந்துவிட்டது. சுவரில் மணிக்கூடு 2.47.

அது அவள் பிறந்த நேரம் இல்லை. நான் கண் முழித்த நேரம்.